கொடுவாத் தலைக்கு ஆகாத கத்தி

பழவேற்காடு மீன் சந்தையில் இருபத்திரண்டு வருஷம் அரிவாள்மணை முன்னால் குந்தி, ஊருக்கெல்லாம் மீன் வெட்டிக் கொடுத்தவள் ஜெபசெல்வி. அந்தக் குந்தல்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதுவேதான் முழங்காலையும் தின்றது. இனித் தரையில் உட்காரக்கூடாது என்று பொன்னேரி டாக்டர் சொன்னதும் சந்தையை விட்டாள். சமையலை விட முடியுமா? நின்றபடியே மீன் வெட்ட ஒரு கத்தி வேண்டும்.

தம்பி ஆபிரகாம் சென்னையில் சைனீஸ் ஓட்டல் மாஸ்டர். சீனா எந்தத் திசை என்று கேட்டால் யோசிப்பான். சீனக் கத்தியைப் பற்றிக் கேட்டால் மட்டும் யோசிக்கவே மாட்டான்.

"மூணு ரகம் கீதுக்கா. எல்லாம் பாக்க ஒரே மாதிரி, பட்டையாத்தான் இருக்கும். மெல்லிசு காய்கறிக்கு. தடிச்சது எலும்புக்கு, தூக்கினா கை வலிக்கும். நடு ரகம்னு ஒண்ணு கீது. மொனப் பக்கம் மெல்லிசு, பிடிகிட்ட தடிப்பு. வூட்டுக்கு அதான். மீன் தலையும் ஒடைக்கும், வெங்காயமும் அரியும்."

"அதையே வாங்கியா. கொடுவா தல ஒடையணும், அவ்ளோதான்."

"உனக்கு வாங்காம வேற யாருக்கு வாங்கப் போறேன்?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கத்தி வந்தது. கத்தியைக் கையில் கொடுத்தால் உறவு அறும் என்பார்கள். கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் வழக்கம். அக்காவால் குனிய முடியாதென்று ஆபிரகாம் அதைச் சமையல் மேடைமேல் வைத்தான். சாஸ்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

"இன்னாடா, இவ்ளோ லேசா கீது?"

"நல்ல இரும்பு அப்டித்தான் இருக்கும்."

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரிடமும் ஒரு மடவை மீன்கூட வாங்காதவள், தம்பி தந்த கத்தியின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கே அரிவாள்மணையைப் பக்கத்து வீட்டு இளவரசிக்குக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் சுகமாகப் போயிற்று. மடவை வழுக்கிக்கொண்டு துண்டானது. புத்தாண்டன்று பெரிய கொடுவா மீன் வந்தது. தலையைப் பலகையில் நிறுத்தி ஓங்கிப் போட்டாள். தலை அப்படியே இருந்தது. கத்தியின் வாயில்தான் ஒரு பல் விழுந்திருந்தது.

இத்தனை வருஷம் வெட்டியும் நமக்கு வெட்டத் தெரியவில்லையே என்றுதான் நினைத்தாள். ஆசையாக வாங்கித் தந்ததைப் பாழாக்கிவிட்டதைத் தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று, புத்தாண்டுக்கு அவன் வந்து தங்கியிருந்த மாமியார் வீட்டுக்கு, கோட்டைக்குப்பத்துக்கு, காலை இழுத்துக்கொண்டு போனாள். ஆபிரகாம் வெளியே போயிருந்தான். மாமியார் முனியம்மா பலகை போட்டுக் கொடுவாத் தலை உடைத்துக்கொண்டிருந்தாள். கையில் அதே மாதிரிப் பட்டைக் கத்தி.

"வெய்யுங்க, பாக்கறேன்," என்றாள் ஜெபசெல்வி.

முனியம்மா பலகைமேல் வைத்தாள். ஜெபசெல்வி எடுத்ததும் கனம் மணிக்கட்டை இழுத்தது. இந்தத் தடவை திருப்பிப் பார்த்தாள். பிடியருகே முதுகு தடித்திருந்தது. முனைக்குப் போகப் போக இளைத்தது.

"உங்களுக்குன்னுதான் வாங்கினாராம்," என்றாள் முனியம்மா, வெள்ளந்தியாக. "நான் ஆசையா பாத்துட்டேன். 'நீங்களே வெச்சிக்கங்க அத்த. அக்கா இப்ப சந்தைய வுட்டுட்டு வூட்ல காய்கறி நறுக்கிகினு கீது, அதுக்கு லேசானது ஒண்ணு போதும்'னு குடுத்துட்டாரு. தங்கமான புள்ள."

"ஆமா, தங்கம்தான்."

ஜெபசெல்வி கத்தியைத் திரும்பப் பலகையில் வைக்கவில்லை. முனியம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு ஆபிரகாம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சட்டிகளைத் திறந்து பார்த்தான். சுரைக்காய் சாம்பார், முட்டைகோஸ் பொரியல்.

"இன்னாக்கா, மீன் வாங்கலியா?"

"என் கத்தி காய்கறி கத்திடா."

மேடைமேல் கத்தி கிடந்தது. விழுந்த பல்லை அவன் பார்த்தான்.

"அத்த கிட்ட சொல்லி மாத்திகினு வரட்டா?"

"வேணாம். அங்க அது நல்லா வெட்டுது. நீ சாப்டு."

கோஸ் நூல் நூலாக அரிந்திருந்தது. ஓட்டல் மாஸ்டருக்கே அப்படி வராது. குறை சொல்ல ஒன்றுமில்லாததால் அவன் தலைநிமிராமல் சாப்பிட்டான்.

மற்ற நாட்களில் இளவரசி அதே அரிவாள்மணையில் தலை உடைத்துத் தருகிறாள். ஜெபசெல்வி வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது. தம்பி வரும் ஞாயிறுகளில் மட்டும் கோஸ்.