கதவிடுக்கில் ஒரு வயர்

தெருவில் அவளைப் பிளானக்கா என்பார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர்; பக்கத்தில் மேசை அகலத்துக்குத் தாள் தள்ளும் பெரிய பிரிண்டர். இரண்டுக்கும் வைஃபை தெரியாது. வயரைச் செருகினால்தான் உயிர் வரும்.

இன்டர்நெட் பெட்டியோ முன்னறையில், அவள் கொழுந்தன் மேசைமேல். "எனக்கு ஆபீஸ் வேலை அண்ணி" என்று, பெட்டி வந்த அன்றே தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் கதவிடுக்கில் நுழைத்து, கூடத்துச் சுவரோரமாக நீள வயரை இழுத்து, அவள் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு இன்ஜினியர் கூப்பிட்டார். "மாடிப்படியை மாத்தி மெயில் போட்டிருக்கேன்மா. ஒரு மணிக்குள்ள பிரிண்ட் வேணும். பார்ட்டி எதிர்லயே உட்கார்ந்திருக்காரு."

மெயிலைத் திறந்தாள், நெட் இல்லை. வயரைத் தொட்டுக்கொண்டே கூடம்வரை போனாள். முனை பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அதன் கிளிப் உடைந்திருந்தது. கொழுந்தனின் கதவைத் தட்டினாள்.

"மீட்டிங் அண்ணி. வயர் இருந்தா கதவு சாத்த முடியல."

"அதுக்குப் பிடுங்கிப் போடுவியா? ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா?"

"கொஞ்ச நேரம் படம் வரையலைன்னா என்ன, குடியா முழுகிடும்?"

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"சின்னப் பையன், விட்டுக்கொடேன்" என்றான் அவன்.

"முப்பத்திரண்டு வயசுல சின்னப் பையனா? அப்ப தொட்டில் வாங்கிட்டு வாங்க!"

மீட்டிங் முடிந்து கதவு திறந்தபோது மணி ஒன்றரை. இன்ஜினியர் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவள் அழவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, எப்போதோ கழற்றிப் போட்ட பழைய ரவுட்டரைத் தேடி எடுத்தாள். காற்றில் வரும் வைஃபையை அது வாங்கி, தன் பின்பக்கத் துளைகளில் வயர் வழியாகக் கொடுக்கும்படி மாற்றலாம் என்று கடைக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். போனில் வழி பார்த்துப் பார்த்து, பற்களைக் கடித்துக்கொண்டு செட்டிங்கை மாற்றினாள். முதலில் வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி எண், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. பழையதின் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினாள். பச்சை விளக்கு நின்று எரிந்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு குட்டை வயர், பிரிண்டருக்கு ஒன்று. மெயில் வந்து விழுந்தது. யாருக்கும் இனி தேவைப்படாத அந்த மாடிப்படியை வேண்டுமென்றே முழு அளவில் அடித்துப் பார்த்தாள். கோடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி வந்தது.

சாயங்காலம் கணவன் எட்டிப் பார்த்தான். "அதான் நெட் வந்துடுச்சே. இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"பெட்டியை நான் சரி பண்ணிட்டேன். உங்க தம்பியை நீங்க சரி பண்ணுங்க."

தம்பியிடம் என்ன பேசினானோ தெரியாது. மூன்றாம் நாள் கொழுந்தன் பின்னறை வாசலில் வந்து நின்றான்.

"தப்புதான் அண்ணி. அது உங்க வேலைன்னு நான் நினைக்கவே இல்ல."

"இப்ப நினைச்சுக்கோ" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். அடுத்த வாரம் இன்ஜினியர் ஒரு பள்ளிக்கூடத்துப் பிளானை அனுப்பினார். கொழுந்தனோடு அவள் சாதாரணமாகப் பேச இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.