மூன்று தட்டும் ஓர் அடைப்புக்குறியும்

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆம்பூரை அடுத்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் நான் மின்பணியாளனாக இருந்தபோது நிகழ்ந்ததை எழுதுகிறேன். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கணினி நிரல் எழுதுவதைப் புத்தகங்களைப் பார்த்தே பயின்றேன்.

தோல்களை ஊறவைத்துச் சுழற்றும் இரண்டாள் உயர மர டிரம் ஒன்றுக்கு ஒரு நிரல் எழுதினேன். பொத்தானை அழுத்தினால் அல்லது குறித்த நேரம் வந்தால், மற்றும் கதவு மூடியிருந்தால், டிரம் சுழலட்டும் என்பதே அதன் சாரம். குறித்த நேரம் வரும்படி வைத்துச் சோதித்தேன். கதவு திறந்திருக்கையில் டிரம் அசையவில்லை. மனநிறைவு கொண்டேன்.

எங்கள் தொழிலாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொத்தானைத் தொடுமுன் டிரம்மைக் கட்டையால் மூன்று முறை தட்டி, உள்ளிருந்து பதில் தட்டு வருகிறதா என்று காது கொடுப்பார்கள். இனி அது தேவையில்லை, கதவை என் நிரலே கவனித்துக்கொள்ளும் என்று டிரம் ஓட்டுபவரிடம் கூறினேன்.

"உங்க கம்ப்யூட்டருக்குக் காது இருக்குதாண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவர் தட்டுவதைத் தொடர்ந்தார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சற்று வருத்தமே.

ஒரு பிற்பகலில் அவர் தட்டியபோது, உள்ளிருந்து பதில் தட்டு வந்தது. ஒட்டிக்கொண்ட தோலை இழுக்க ஒருவர் யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கியிருந்தார்; திறந்த கதவு மறுபுறம் இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. ஓட்டுபவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். அழுத்தியிருந்தாலும் டிரம் சுழன்றிருக்காது என்று நான் விளக்கினேன்.

"அப்டியா? அவரு வெளிய வரட்டும். கதவ அப்டியே வுட்டுட்டு அழுத்திப் பாக்கலாம்ணே."

அவர் வெளியே வந்தார். எல்லோரும் விலகி நின்றோம். நானே பொத்தானை அழுத்தினேன்.

திறந்த கதவோடு டிரம் சுழன்றது. உள்ளிருந்து வந்தவர், கையிலிருந்த ஈரத்தோலைக் கீழே வைக்காமல் சுழலும் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காரணத்தை அன்று மாலை கண்டேன். கணினி நம்மைப்போல் வரிசையாகப் படித்துக் கணிப்பதில்லை. 'அல்லது' முன்னால் நின்றாலும் 'மற்றும்' என்பதையே முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கதவின் நிபந்தனை நேரத்தோடு மட்டும் சேர்ந்துகொள்ள, பொத்தான் கட்டுப்பாடின்றி நின்றுவிட்டது. பொத்தானையும் நேரத்தையும் ஓர் அடைப்புக்குறிக்குள் இட்டேன். பிழை தீர்ந்தது. இம்முறை இரண்டு வழியிலும் சோதித்தேன்.

நிரல் சரியான பின்னும், அந்த டிரம்மை நான் தட்டாமல் இயக்கியதில்லை.

இனி இத்தகைய இயந்திரங்களுக்கு நிரல் எழுத வருபவர்களுக்காக இக்குறிப்பைப் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.