அவருக்காக வைத்த மாம்பழங்கள்

ரங்கூனிலிருந்து என் கணவர் போட்ட கடைசிக் கார்டில் இரண்டே வரிதான் இருந்தது. யுத்தத்தில் இங்கே குண்டு விழுகிறது, கூட்டத்தோடு நடந்தே கிளம்புகிறோம். மாம்பழம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். மாமியார் அவரை நிறுத்தி, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

கல்யாணமான ஒன்பதாம் மாதம் அரிசி ஆலை வேலைக்குக் கப்பலேறியவர் அவர். அதன்பின் மூன்று வருஷமாக நான் திண்டிவனத்துக்குப் பக்கத்தில், மாமனார் வீட்டில் இருந்தேன். மாமனார் ஏரி மண்ணெடுத்துச் சட்டிபானை செய்கிறவர். எனக்குப் பத்தொன்பது வயது.

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மாமரம். சித்திரை போனது, வைகாசி போனது. பழம் தீர்ந்துகொண்டே வந்தது, அவர் வரவில்லை. ஒருநாள் காலையில் மாமியார் மாமனாரின் சக்கரத்துக்கு எதிரே போய் நின்றார்.

"காய்கறிக்காரங்களுக்குச் செஞ்சித் தருவியே, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்ச பானை. ஊட்டுக்கு ஒண்ணு செய்யி. புள்ளைக்குப் பழம் வெக்கணும்."

"கத்திரிக்கா ஒரு வாரம் தாங்கும். பழம் எத்தினி நாளு தாங்கும்?"

"அவன் வந்துக்கினு இருக்கான். வர்ற வரைக்கும் தாங்கினா போதும்."

மாமனார் மண் பிசைய உட்கார்ந்தார். வழக்கமாகச் செய்வதைவிட வாயகன்ற பானையாகச் செய்து சூளையில் வைத்தார். உள்ளே சின்னப் பானை, வெளியே பெரிய பானை, நடுவில் ஆற்று மணல். மணலில் தண்ணீர் ஊற்றிவந்தால் உட்பானை எந்நேரமும் சில்லென்றிருக்கும். மரத்தில் மிச்சமிருந்த முற்றிய காய்களைப் பால் வடியாமல் காம்போடு பறித்து, வைக்கோல் பரப்பி அடுக்கினோம். மேலே ஈரச்சாக்கு.

காலையும் மாலையும் மணலை நனைப்பது என் வேலை. தினமும் ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்ப்பேன். கறுப்புப் புள்ளி விழுந்ததை வெளியே எடுத்துவிடுவேன். அந்தப் பானைக்குள் கையை விடும்போதெல்லாம் அவருக்குச் சோறு போடுவது போலிருக்கும். மூன்று வருஷத்தில் அவர் முகம் எனக்குக் கொஞ்சம் மறந்துபோயிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம். மாமனாரும் மாமியாரும் சூளைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் கேப்பைக் கூழ்கூட இல்லை. மூடியை எடுத்ததும் வந்த வாசனையில் என்னை மறந்து ஒரு பழத்தை எடுத்துத் தின்றுவிட்டேன். கொட்டையைக் குப்பைக்குழியில் ஆழமாகப் புதைத்தேன். சாயங்காலம் மாமியார் பானைக்குள் பார்த்தார்.

"ஒண்ணு அழுகிப்போச்சி அத்தை" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா. மணல் காஞ்சிடாம பாத்துக்கோ" என்றார்.

பானையில் இரண்டே பழம் இருந்தபோது ஒருவர் வந்தார். மேல்மலையனூர்ப் பக்கத்துக்காரர். என் கணவரோடு அதே ஆலையில் வேலை பார்த்தவர். கன்னமெல்லாம் ஒட்டி, காலில் துணி சுற்றியிருந்தது. திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி விசாரித்து வந்திருந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்து வந்தோங்க. மலை மேல ஏறும்போது அவருக்கு வாந்தியும் பேதியும் கண்டுடுச்சி. ரெண்டு நாளு தூக்கிக்கினு வந்தோம்..." என்றார்.

மாமியார் அழவில்லை. உள்ளே போய் இரண்டு பழத்தையும் கழுவிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"தின்னுப்பா. தூரத்துலேந்து நடந்து வந்திருக்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார். சாறு முழங்கைவரை வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்த மாமனார், "எந்த நாளுன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. நாளு கெழமை எல்லாம் மறந்துபோச்சி. அந்த எடத்துக்குப் பேருகூடத் தெரியாது."

நாள் தெரியாததால் திதி கொடுக்க ஆடி அமாவாசையை வைத்துக்கொண்டோம். நான் பழம் தின்ற அந்த மத்தியானம் அவர் உயிரோடிருந்தாரா என்று பல வருஷம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கணக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது.

அடுத்த மாதம் விழுப்புரத்திலிருந்து என் அப்பா கூட்டிப்போக வந்தார். மாமியாரே என் துணிகளை மூட்டை கட்டினார். "இங்க இருந்து என்னாத்தப் பண்ணப்போற, போம்மா" என்றார். போனேன். அம்மா வீட்டில் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். யாரும் அவர் பேச்சை எடுக்கவில்லை. அவரை நன்றாகத் தெரிந்தவர்களும் அங்கே இல்லை. பத்து நாளுக்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. ரயிலேறி நானே திரும்பி வந்துவிட்டேன்.

மாமியார் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். நானும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன்.