வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து

இந்தச் சபையில் என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிற்றுக்கு இரண்டு வாரம் முன்பு என் அண்ணன் தானியேல் முன்னால் வந்து மைக்கைப் பிடித்தார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தன் தங்கை இராணுவ வேலையை விடுகிறாள், கர்த்தர் எங்கள் குடும்பத்தின் ஜெபத்தைக் கேட்டார் என்று சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேறொரு மாநிலத்தில் பயிற்சியில் இருந்தேன். வேலையை விடுவதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே இது அதே காரியத்தைப் பற்றிய இரண்டாவது சாட்சி. இதை எழுதப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

என்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள் இங்கே பலர். கிள்ளானுக்கு வடக்கே ஈஜோக் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார், அம்மா மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கினார். அண்ணன் ஆறாம் ஆண்டோடு பள்ளியை நிறுத்திவிட்டு லோரி வேலைக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையில் எந்த வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். "படிச்சுக் காட்டாம எதுலயும் கைநாட்டு வைக்காதீங்க" என்று வயதில் மூத்தவர்களைக்கூட அதட்டுவேன். அம்மாவுக்கு இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

இராணுவத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது அப்பா என் சீருடைப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செம்பனை ஆலையில் எல்லாரிடமும் காட்டினார். "எம் மக. கவர்மெண்டு துப்பாக்கி குடுத்திருக்கு." உண்மையில் நான் அதிகம் பிடித்த ஆயுதம் ஸ்டேப்ளர்தான். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

அண்ணன் சாட்சி சொன்னதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் மாதம் அப்பா விழுந்தார். வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. நான் விடுமுறையில் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் இடது கையை மெல்லத் தூக்கி நெற்றியில் வைப்பார். எனக்கு சல்யூட். அதைப் பார்த்த பிறகு முகாமுக்குத் திரும்பிப் போவது எவ்வளவு கடினம் என்று எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு அருகில் உள்ள முகாமுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். பதில் வருவதற்குள் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். மருத்துவமனைக்கும் சமூகநலத் துறைக்கும் அப்பாவுக்காகக் கடிதங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் கிளம்புவதற்கு முன், மூன்று வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு நீல நிற ஃபைலில் வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். நான் போனில் சொல்லச் சொல்ல அண்ணன் மேலே எழுதிக் கொடுப்பது ஏற்பாடு. முதல் தாளில் சக்கர நாற்காலி கேட்டு எழுதினோம். நாற்காலியும் வந்தது.

ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான் இதைத்தான் செய்தேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து முகாமுக்குத் திரும்பினேன். அலுவலகத்தில் ஓர் உறை எனக்காகக் காத்திருந்தது. குடும்பப் பராமரிப்புக் காரணத்தால், என் சொந்த வேண்டுகோளின்படி, மே மாத இறுதியில் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறேன் என்று இருந்தது. யாரோ இடமாற்ற விண்ணப்பத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் எங்கள் மேஜரிடம் போனேன். அவர் ஒரு பெண் அதிகாரி. நாங்கள் அவரைப் புவான் என்று அழைப்போம். அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

மலாயில் அழகாகத் தட்டச்சு செய்த கடிதம். என் தந்தையைப் பராமரிக்க என்னைத் தவிர வேறு யாரும் இல்லை, இடமாற்றம் போதாது, என்னை விடுவித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கையெழுத்து என்னுடையது.

"இது உன்னுடையதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாம், புவான்."

வேறு என்ன சொல்வேன்? பதினான்கு நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்றார். அன்றே கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

யார் செய்தது என்பது உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று இதே சபையின் பின்கட்டில்தான் தெரிந்தது. அதிகாலை ஆராதனை முடிந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேரி ஆன்டி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்காக ஆர்மியவே விட்டுட்டியாமே! இந்தக் காலத்துல எந்தப் பிள்ள செய்யும்லா? ஒங்க அண்ணன் சாட்சி சொன்னப்ப நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேன்."

பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றேன். நான் செய்யாத தியாகத்துக்கு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். மறுத்துப் பேசினால் படுத்திருக்கும் அப்பாவை வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அண்ணன் என் வேலையை மட்டும் எடுக்கவில்லை, அதைத் திருப்பிக் கேட்கும் வாயையும் உங்கள் எல்லார் முன்னிலையிலும் பூட்டிவிட்டார்.

வீட்டுக்குப் போய் நீல ஃபைலைத் திறந்தேன். ஒரு தாள்தான் இருந்தது.

"இன்னொன்னு எங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன படிச்சவளா?" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே அண்ணன் குடும்பம் இருக்கும் ஜெராமுக்குப் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் லோரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வராமலே பேசினார்.

"கடையில டைப் அடிக்கச் சொன்னேன். நான் என்ன பொய்யா எழுதுனேன்? வேற யாரு இருக்கா சொல்லு."

"நீங்க இருக்கீங்க, அண்ணே. அண்ணி இருக்காங்க."

"எட்டு மாசமா விடியக்காலம் அப்பாவக் குளிப்பாட்டிட்டுத்தான் லோரி எடுக்குறேன். எம் முதுகப் பாரு, நிமிர முடியல. நீ லீவுல வருவ, சல்யூட்டு வாங்கிட்டுப் போயிருவ. பொம்பளப் பிள்ள, கல்யாணமும் ஆகல, ஒனக்கு எதுக்குலா துப்பாக்கி?"

"என் கையெழுத்த எப்படி எடுப்பீங்க?"

அப்போதுதான் வெளியே வந்தார். கை முழுக்க எண்ணெய்.

"ஊருக்கே படிச்சுக் குடுத்தவ நீ. வெள்ளப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது யாரு? நானா?"

அண்ணி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேநீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். அண்ணனின் முதுகைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கொடுத்தது.

சகோதர சகோதரிகளே, அந்த நாட்களில் நான் செய்த ஜெபம் நல்ல ஜெபம் அல்ல. அண்ணன் எந்த இடத்தில் நின்று பேசினாரோ அதே இடத்தில் அவரைத் தலைகுனிய வையும், ஆண்டவரே என்று உபவாசம் இருந்தேன். முகாமில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அதையே கேட்டேன். மூன்றாம் நாள் முழங்காலில் நின்றபோது அந்த வார்த்தைகள் எனக்கே சலித்துப்போயின. அண்ணன் தலைகுனிந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? எனக்கு வேண்டியது வேறு. "என் கையெழுத்தை எனக்குத் திருப்பித் தாரும்" என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அழுதேன்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்த மூன்றாம் வாரம், புதன்கிழமை காலை, விசாரணை. நாளை அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன். புவானும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். மருத்துவமனைக் காரியத்துக்காகக் கையெழுத்திட்டு வைத்த வெற்றுத் தாளை யாரோ பயன்படுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். யார் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. சொன்னால் அது போலீஸ் வரைக்கும் போகலாம். ஆதாரம் கேட்டார்கள். என் பேச்சைத் தவிர எதுவும் இல்லை; மீதித் தாளை ஃபைலிலிருந்து எடுத்து வரத் தோன்றவில்லை.

"இராணுவ எழுத்தர் ஒருவர் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டதாகச் சொன்னால் நாங்கள் எப்படி நம்புவது?" என்றார் ஓர் அதிகாரி. நியாயமான கேள்வி. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் ஐந்து வாரத்தில் இது என்னுடையது அல்ல என்று நினைத்தேன். ஜெபிக்கக்கூட முடியவில்லை. அப்போது காவல் சாவடியிலிருந்து தொலைபேசி வந்தது. வாசலில் ஓர் இந்திய அம்மா நிற்கிறார், மகளைப் பார்க்க வேண்டுமாம், திருப்பி அனுப்பினாலும் போகமாட்டேன் என்கிறார்.

கிள்ளானைத் தாண்டித் தனியாகப் போகாதவர் என் அம்மா. ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டி, நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவரை அழைத்துவரப் போனபோது பார்த்தேன், வாசலுக்கு வெளியே சாலையோரம் அண்ணனின் லோரி நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

நான் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் புவான் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார். சார்ஜன் பதவியில் இருந்த தமிழர் ஒருவரை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அம்மா மீதி இருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியில் என் கையெழுத்து, அதே உயரத்தில். மேலே வெறுமை.

"இதே மாதிரி இன்னொன்ன நான்தான் எடுத்துக் குடுத்தேன், துவான். இவளுக்குத் தெரியாது."

அதிகாரி பெண்ணாக இருந்தும் அம்மா துவான் என்றுதான் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

"எதற்கு என்று தெரியாமல் கொடுத்தீர்களா?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சுதான் குடுத்தேன். அவ வீட்டுக்கு வந்துட்டா எனக்கு ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சேன்."

என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. அது இப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அண்ணன் செய்ததை மூன்று வாரம் சுமந்துவிட்டேன். அம்மா தெரிந்தே கொடுத்தார் என்ற அந்த ஒரு வரியை என்னால் சுமக்க முடியவில்லை.

பிறகு புவான் ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் இங்கே வந்துவிட்டீர்கள். இந்த நேரத்தில் உங்கள் கணவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"எம் மருமக. நேத்து ராவே வந்துட்டா. நீங்க போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க அத்தை, மாமாவ நான் பாத்துக்குறேன்னு அவதான் அனுப்பி வச்சா."

சார்ஜன் அதை மொழிபெயர்த்தார். புவான் கோப்பில் இருந்த கடிதத்தை எடுத்து, 'வேறு யாரும் இல்லை' என்ற வரியின்மேல் விரலை வைத்தார். மற்ற இருவரிடமும் அதை நகர்த்தினார்.

அம்மாவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து மை டப்பாவுடன் கொண்டுவந்தார்கள். கட்டைவிரலைப் பிடிக்க வந்த எழுத்தரிடமிருந்து அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"முழுசும் படிச்சுக் காட்டுங்க. படிச்சுக் காட்டாம கைநாட்டு வைக்கக்கூடாதுன்னு எம் மக சொல்லியிருக்கா."

சார்ஜன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் படித்தார். அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். பிறகுதான் விரலை மையில் வைத்தார். நான் அங்கே அழுததற்கு எது காரணம் என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மே மாதம் முடிவதற்குள் விடுவிப்பு ஆணை ரத்தானது. எழுத்தருக்கு இந்த அஜாக்கிரதை தகாது என்று எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அது எனக்குத் தகும். புகார் கொடுக்க விரும்புகிறாயா என்று புவான் கேட்டபோது இல்லை என்றேன். ஆகஸ்டில், அப்பா விழுந்த அதே மாதத்தில், இடமாற்றம் கிடைத்தது. இப்போது வீட்டுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். சனி, ஞாயிறு அப்பாவைக் குளிப்பாட்டுவது நான். அண்ணன் சொன்ன முதுகுவலி என்னவென்று இப்போது எனக்கும் தெரியும். அப்பா இன்னும் சல்யூட் வைக்கிறார். நானும் பதிலுக்கு வைக்கிறேன், சோப்பு நுரைக் கையோடு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நானும் பொய்ச் சாட்சி சொன்னவள் ஆவேன். அம்மா தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது சில நாள் அந்த வரி காதில் கேட்கிறது. அண்ணனும் நானும் தேவைக்கு மட்டும் பேசுகிறோம். மன்னித்துவிட்டேன் என்று ஒரு நாள் சொல்கிறேன், மறுநாள் மறுபடியும் முழங்காலில் நின்று ஆரம்பிக்கிறேன். ஆனால் ஒன்று தெரியும். நான் பழிவாங்கக் கேட்டபோது ஆண்டவர் பேசாமல் இருந்தார். என்னுடையதைக் கேட்டபோது, நான் எதிர்பார்க்காத ஆளின் கையில், ஒரு நீல ஃபைலில் கொடுத்து அனுப்பினார். சொந்தவர்களாலேயே காயப்பட்டு இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தால், அவரிடம் கேளுங்கள். கோபத்தோடே கேளுங்கள். அந்தக் கோபம் தீரும்வரை அவர் காத்திருப்பார்.

போன முறை கை தட்டினீர்கள். இந்த முறை வேண்டாம். அப்பாவின் பேச்சுக்காகவும், அண்ணன் முதுகுக்காகவும், என் அண்ணிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

விசாரணை முடிந்ததும் புவான் அந்த மூன்றாவது தாளை என்னிடமே திருப்பித் தந்தார். கிழித்துப் போடு என்றார் அம்மா. நான் கிழிக்கவில்லை. இந்தச் சாட்சியின் கடைசிப் பக்கத்தை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன். கீழே கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அது வரைக்கும் இடைவெளி விடாமல் எழுதிவிட்டேன்.

பியூலா