மிளகு பார்த்துக்கொண்டிருந்த இடம்

முதல் அறிகுறியை மணி, நிமிடத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். அது அறிகுறி என்று மட்டும் எழுதவில்லை.

பங்குனி மாதம், பிற்பகல் இரண்டு நாற்பது. டைரியில் உள்ள வரி இது: "மிளகு கூடத்தில் உட்கார்ந்து ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதினேழு நிமிடம். நாற்காலியில் யாரும் இல்லை. நல்ல வெளிச்சம். ஆனால் இருட்டில் இருப்பதுபோலக் கண்மணி (கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) முழுவதும் விரிந்திருக்கிறது."

மிளகு எங்கள் பூனை. வயது பதினொன்று. வெள்ளை உடம்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். பெயர் வைத்தவள் என் மனைவி பத்மா. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியும் பத்மாவுடையதுதான். அவள் மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் முடிந்திருந்தது. அன்று காலை மாசிகம் (முதல் வருடம் மாதந்தோறும் இறந்த திதியில் செய்யும் சடங்கு). வாத்தியாரும் மற்றவர்களும் சாப்பிட்டுக் கிளம்பி அரைமணி ஆகியிருந்தது. வீட்டில் நானும் மிளகும்தான்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. பத்மா போன பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டோடு இருக்கிறேன். அளந்து எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. மிளகு எத்தனை முறை தண்ணீர் குடித்தாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்பதுகூட என் டைரியில் இருக்கும். வயதான பூனையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். குறிப்புகளைவிட, நான் அவற்றைப் படித்த விதம் உங்களுக்கு அதிகம் உதவும்.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும். நேரம் முன்பின் இருக்கும், இடம் மாறாது. நாற்காலியின் இருக்கைக்குச் சற்று மேலே, உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் அவள் பார்வை நிற்கும். இமைக்க மாட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவாள். ஆனால் என்னைப் பார்க்க மாட்டாள். என் தோளுக்கு ஒரு சாண் வலப்புறம் பார்ப்பாள். முதல் முறை அப்படிப் பார்த்தபோது நான் திரும்பி, பின்னால் யார் என்று பார்த்தேன். துவைத்த வேட்டி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு வேதவல்லி மாமியிடம் சொன்னேன். மாமிக்கு மிளகின் மீது அவ்வளவு பிரியம் கிடையாது. பத்மா மீன் கலந்த பூனை உணவு டப்பாவைப் பால்கனியில் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, இந்த வாசனை பெருமாள் உள்ளுக்கு (பூஜை அறைக்கு) வரப்போகிறது என்று வருடக்கணக்காக வம்புக்கு இழுத்தவர். ஆனால் அன்று வாசலில் நின்று மிளகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்மா எங்கே போவா? காபிக்குக் கூப்பிட்டாலே அஞ்சு நிமிஷத்துல ஆத்துக்கு ஓடிடுவா. இப்ப மட்டும் நகர்ந்துடுவாளா?"

நான் சிரித்தேன். ஆனால் டைரியில் அதையும் எழுதினேன்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் வைதேகியிடம் ஐந்தாம் நாள் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் தினம் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். போனை மிளகின் பக்கம் திருப்பிப் பிடிப்பேன். மூவரும் பேசாமல் நாற்காலியைப் பார்ப்போம். எட்டு மாதமாக நாங்கள் இருவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. இப்போது பேச்சே இல்லாமல் பத்து நிமிடம் இருந்தோம்.

எனக்குச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. எட்டாம் நாள் நாற்காலியைத் தூக்கிப் படுக்கையறையில் போட்டேன். பூனை நாற்காலியைப் பார்க்கிறதா, அந்த இடத்தைப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக. மிளகு வழக்கம்போல் கூடத்துக்கு வந்தாள், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள், ஒன்றுமே இல்லாத ஜன்னலோரத்தை அதே உயரத்தில் பார்த்தாள்.

"நாற்காலி அல்ல" என்று எழுதி அடிக்கோடு இட்டேன்.

அன்று மாலை மிளகு படுக்கையறைக்குள் நடந்தபோது நாற்காலியின் கால்மீது முகத்தை வைத்தாள். "ஆசையாக உரசினாள்" என்று பதிவு. அந்த வாரத்தில் அப்படி நான்கு பதிவுகள். சுவரோடு ஒட்டியே நடக்கிறாள் என்று ஒரு பதிவு, யாருக்கோ வழிவிடுவதுபோல என்ற விளக்கத்துடன். தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு பங்கு குடிக்கிறாள் என்று ஒரு பதிவு. எதிரில் 'வெயில்' என்று எழுதியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் சரி. எந்த அளவும் பொய் இல்லை.

நானும் மாறினேன். கூடத்தில் நாற்காலி இருந்த இடத்தின் குறுக்கே நடப்பதை நிறுத்தினேன். சுற்றிப் போனேன். மதியச் சாப்பாட்டை அந்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசம் நன்றாக அமைந்த ஒரு நாள், நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். அந்த நேரத்தில் மிளகின் காது அந்தப் பக்கம் திரும்பியது. எனக்குக் கழுத்தின் பின்புறம் சில்லிட்டது. பயமில்லை. பயமாக இருந்திருந்தால் யாரிடமாவது போயிருப்பேன்.

இருபத்து மூன்றாம் நாள், முற்பகல் பதினொன்று பத்து.

மிளகு ஜன்னலோரத்துக்குப் போனாள். தலையைத் தூக்கினாள். பின்னங்கால்களைத் தாழ்த்தி, இடுப்பை இரண்டு முறை அசைத்தாள். பத்மாவின் மடியில் ஏறுவதற்கு முன்னால் பத்து வருடமாகச் செய்தது அதுதான். பிறகு தாவினாள்.

அங்கே மடி இல்லை. நாற்காலியும் இல்லை, நான்தான் எடுத்திருந்தேன். ஆனாலும் அவள் காற்றில் இருந்த அந்த ஒரு விநாடி, யாரோ பிடித்துக்கொள்வார்கள் என்று நான் காத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஜன்னலுக்குக் கீழே சுவரில் மோதி விழுந்தாள். மூக்கில் ரத்தம். நான் தூக்கியபோது முகம் வெளிச்சத்துக்கு நேராக வந்தது. விரிந்த கறுப்பு வட்டத்துக்குள், ஆழத்தில், செங்காவி நிறத்தில் ஏதோ தேங்கியிருந்தது.

காய்கறிக் கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு துண்டைக் கட்டி, ஆட்டோவில் புத்தூருக்குப் போனேன். அங்கே ஒரு கால்நடை மருத்துவர் இருப்பதாக மாமிதான் சொல்லியிருந்தார். காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறியதும் மிளகு துண்டின் இடைவெளியில் தலையை நீட்டி ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வேடிக்கை பார்ப்பதுபோலவே இருந்தது. முதல் முறையாக, அவள் எதைப் பார்க்கிறாள் என்று கேட்காமல், பார்க்கிறாளா என்று யோசித்தேன்.

டாக்டர் முப்பது வயதுப் பெண். அதிகம் பேசவில்லை. மிளகை மேசையில் நிற்க வைத்து, ஒரு பஞ்சு உருண்டையை அவள் கண்ணுக்கு நேராக மேலிருந்து போட்டார். பஞ்சு சத்தமில்லாமல் இறங்கி மேசையில் உட்கார்ந்தது. மிளகு அசையவில்லை. இன்னொன்று போட்டார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை என்னிடம் கொடுத்து, "நீங்களே போட்டுப் பாருங்க சார்" என்றார். போட்டேன். என் விரலைவிட்டு அது கிளம்பியதை மிளகு அறியவில்லை.

என் நாற்காலிச் சோதனைக்கும் இந்தப் பஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரிந்தது. நான் அவள் எதைப் பார்க்கிறாள் என்று சோதித்தேன். அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கவே இல்லை.

பிறகு வாலின் அடியில் ஒரு சின்னப் பட்டையைச் சுற்றி, பேனா போன்ற கருவியை வைத்தார். ஒலிபெருக்கியில் மிளகின் ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுவதும் கேட்டது. உஸ், உஸ், உஸ் என்று, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ அவசரமாக மூச்சு விடுவதைப்போல. ரத்த அழுத்த எண் இருநூற்றுப் பத்து. அது குறைந்தபட்சம் ஐம்பது இறங்க வேண்டும் என்றார். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) மிகவும் கூடியிருந்தது. சிறுநீரகம் பல மாதங்களாகப் பழுதாகி, அதனால் ரத்த அழுத்தம் ஏறி, அந்த அழுத்தத்தில் இரண்டு கண்களிலும் விழித்திரை (கண்ணின் பின்புறம் காட்சியை வாங்கும் சவ்வு) கழன்றுவிட்டது.

என் டைரியைக் கொடுத்தேன். டாக்டர் நின்றபடியே படித்தார். முதல் நாள் பக்கத்தில் விரல் நின்றது.

"வெளிச்சத்துல கண்மணி விரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்களே சார். எத்தனை நாளா?"

"இருபத்து மூணு."

"அவ எதையும் பாத்துக்கிட்டு இல்ல சார். அந்த ஜன்னல்கிட்ட சூடு இருக்கும். பழகின இடம். அங்க உக்காந்திருக்கா, அவ்வளவுதான்." பக்கத்தைப் புரட்டினார். "ரெண்டு மூணு நாள்லயே கொண்டு வந்திருந்தீங்கன்னா…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பிறகும் எப்போதும் முடிக்கவில்லை.

முதல் வேலை அழுத்தத்தைக் குறைப்பது. இல்லையென்றால் மூளையிலும் இதயத்திலும் இதுவே நடக்கும், உயிர் நிற்காது என்றார். மாத்திரை அம்லோடிபின். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருடமாகக் காலை எட்டு மணிக்கு நான் விழுங்குவதும் அதுதான். டாக்டரும் லேசாகச் சிரித்தார். "வீட்டுல இருக்கேன்னு உங்க மாத்திரையை உடைச்சுக் குடுத்துடாதீங்க" என்றார். என்னுடையதில் பாதி வீரியமுள்ளதை வாங்கி, அதில் கால் பங்கு. ஆகவே என் அளவில் எட்டில் ஒன்று. சிறுநீரக நோய்க்கான தனி உணவு. வாரம் இரண்டு முறை தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது.

வைதேகியிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்று மணி அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். பஞ்சு, எண், விழித்திரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மிளகு அம்மாவைப் பார்க்கவில்லை என்பதைக் கடைசியில் சொன்னேன்.

"எனக்கு ஒரு வாரமாவே சந்தேகம்ப்பா. போனை ஆட்டினேள், அவ திரும்பவே இல்லை."

"ஏன் சொல்லலை?"

"நீங்க இப்பத்தான் மறுபடி ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சிருந்தேள். எப்படிச் சொல்றது?"

நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்த அந்த நாட்களின் விலையை மிளகு கொடுத்தாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: தண்ணீர் அதிகமாகக் குடிப்பது வெயிலால் மட்டும் அல்ல. வெளிச்சத்தில் கண்மணி கோடுபோலச் சுருங்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு பஞ்சு உருண்டை போதும். உங்கள் பூனை யாரைப் பார்ப்பதாகத் தோன்றினாலும், அன்றைக்கே பஞ்சைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வாரம் அழுத்தம் நூற்று அறுபதுக்கு வந்தது. ஆறாவது வாரம் நூற்று நாற்பத்தைந்து. எடை கூடியது. வலக்கண்ணுக்குள் தேங்கியிருந்த ரத்தம் கரைந்தது. மறுபடி பஞ்சு போட்டார் டாக்டர். மிளகு திரும்பவில்லை. பார்வை இனி வராது என்றார். சிறுநீரகத்துக்கு எவ்வளவு காலம் என்று கேட்டேன். "மாசக் கணக்கா, வருஷக் கணக்கான்னு நான் சொல்ல மாட்டேன் சார். இன்னிக்கு நல்லா இருக்கா" என்றார். அந்தக் கால் மாத்திரையை நாவின் பின்புறம் வைத்துத் தொண்டையைத் தடவ இப்போது எனக்கு நான்கு விநாடி போதும்.

நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டேன். பார்வையில்லாத பூனைக்கு வீட்டில் எதையும் நகர்த்தக் கூடாது. மிளகு அதில் ஏறித் தூங்குகிறாள். சில பிற்பகல்களில் கீழே உட்கார்ந்து பழையபடி அதன் பக்கம் முகத்தை வைத்திருக்கிறாள். சூடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் குறுக்கே போவதில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தொடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை பயந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் வீட்டுக்குள் நான் பேசிக்கொண்டே நடக்கிறேன். நான்தான், அடுப்படிக்கு வரேன். நான்தான், தண்ணீர் வைக்கிறேன். என் உடம்பு எங்கே இருக்கிறது என்று நாள் முழுவதும் அறிவித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதுவரை அது எனக்கே தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது.

நேற்று மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்து, "நான்தான், வந்துட்டேன்" என்றேன். மிளகு சமையலறை வாசலில் இருந்தாள். வாலைத் தூக்கிக்கொண்டு, மீசையை முன்னால் நீட்டியபடி கிளம்பினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அசைந்தால் நான் இருக்கும் இடம் அவளுக்கு மாறிவிடும். பதினோரு அடி தூரம். முன்பு மூன்று விநாடியில் ஓடி வருவாள். இப்போது நாற்பது. அந்த நாற்பது விநாடியும் மூச்சை அடக்கி, தேடப்படுகிற ஒரு பொருளாக நின்றுகொண்டிருந்தேன். என் கால் விரலுக்கு ஓர் அங்குலம் முன்னால் சரியாக நின்று, முகத்தைத் தூக்கினாள்.

பார்வை என் தோளுக்கு வலப்புறம் இருந்தது. இம்முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சாண் வலப்புறம் நகர்ந்து, அந்த இடத்தில் நின்றேன்.