பெரியப்பாவுக்குக் கிடைத்த சீட்டு

ஏழு பேர் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது. அந்த ஏழு பேரும் ஒரே குடும்பம் என்றால் நிச்சயமாக முடியாது. இதை நான் ஆறாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டேன். இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீசில் டிசம்பர் பிறந்ததும் யாராவது வந்து, கிறிஸ்மஸ் ஃப்ரெண்டை இந்த வருஷம் நீங்கள் நடத்துங்களேன் என்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டு வேறு ஆளைப் பாருங்கள் என்றுவிடுவேன். காரணம் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் இல்லாத பள்ளிக்கூடம் கிடையாது. எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி, மடித்து, குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் நம் கைக்கு வருகிறதோ அவருக்கு நாம் ஒரு பரிசு வாங்க வேண்டும். வாங்கியது யார் என்பது கொடுக்கிற நாள்வரை அவருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் விளையாட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிசகில்லாமல் விளையாடுவார்கள்.

அதை வீட்டில் நடத்த வேண்டும் என்ற கிறுக்கு எனக்கு எப்படி வந்தது என்று நினைவில்லை. நாங்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகளான அக்கா, அண்ணன் என நான்கு பேர். கிறிஸ்மஸ் சாப்பாடு எப்போதும் எங்கள் வீட்டில்தான். சாப்பிடுவதற்கு முன்னால் பரிசு கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் எல்லோரும் சரி என்றார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எதற்கும் எல்லோரும் சரி என்று சொன்ன வரலாறு இல்லை.

எட்டாவதாக ஒரு பெயரையும் எழுதினேன். அத்தையின் பெயர். அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. அம்மா அந்தச் சீட்டைப் பார்த்ததும் கையிலிருந்து வாங்கி அடுப்பில் போட்டுவிட்டாள்.

"அது சரிப்படாது பிள்ளே. பெரியப்பா கண்டா சீட்டு எடுக்க மாட்டாரு."

அது எனக்கும் தெரிந்ததுதான். நான்கு வருஷத்துக்கு முன் அத்தை பூவாரில் படகு ஓட்டும் ஒருவரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் இந்துக்கள். பெரியப்பா சர்ச் கமிட்டியில் இருந்தவர். பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவையும் அத்தையையும் வளர்த்தவரும் அவர்தான். அன்றைக்கு, இனி இந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னார். யாரும் எடுக்கவில்லை. அப்பா மட்டும் ரப்பர் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு அத்தையோடு போனில் பேசுவார். அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் நெய்யாற்றின்கரையில் ஒரு துக்க வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பார்த்து வந்தார்கள். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. சில வீடுகளில் பூனை வளர்ப்பதில்லை, எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றிப் பேசுவதில்லை, அப்படித்தான்.

ஆக, ஏழு சீட்டு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் நானே எழுதினேன். பெரியவர்களைப் பெயர் சொல்லி எழுத மனம் வரவில்லை. அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா என்று முறை போட்டே எழுதினேன். பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினேன். முதல் சீட்டை எடுத்த அண்ணன் பிரித்துப் பார்த்த மறு நிமிடமே கத்தினான்.

"எனக்கு எனக்க அப்பாவாக்கும் கிட்டியிருக்கு!"

"அது எனக்க அப்பாடா!" என்றேன்.

"அப்பான்னுதானே எழுதியிருக்கு. உனக்க அப்பா எனக்கு சித்தப்பால்லியா?"

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, மரியாதையைப் பார்க்காமல் எல்லோர் பெயரையும் எழுதி மறுபடி குலுக்கினேன்.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்ததற்குக் கத்தியிருந்தாலே தேவலாம்.

பெரியம்மாவுக்குப் பெரியப்பாவின் சீட்டு வந்தது. அன்று சாயங்காலமே வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள். "தெனமும் காணுத மொகத்துக்கு என்னத்த வாங்கிக் குடுக்க? வேற சீட்டு ஒண்ணு தா மக்கா." மாற்ற முடியாது என்றேன். மறுநாள் அவள் பெரியப்பாவையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவருக்கே ஒரு வேட்டி எடுத்து வந்தாள். அதை அவர் பார்க்காதபடி பீரோவில் ஒளித்தும் வைத்தாள்.

அம்மாவுக்கு அண்ணன் பெயர். சோறு பரிமாறும்போது, "உனக்கு சட்டை அளவு எத்தறயாக்கும்லே?" என்று அவனிடமே கேட்டாள். அவனுக்கு வந்தது அம்மாவின் பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், "சித்தி, உங்களுக்க குக்கரு எத்தற லிட்டராக்கும்?" என்று அவன் பதிலுக்குக் கேட்டான்.

வெப்ராளத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் கோபமும் ஆற்றாமையும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையை அடைப்பதற்கு வெப்ராளம் என்று பெயர். வேறு சொல் போதாது.

கடைசி அடி அப்பாவிடமிருந்து வந்தது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அம்மா அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டாள். பிரித்தாவது பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை.

"நீதானே எழுதின? உனக்குத் தெரியாதா?" என்று அப்பா கேட்டார்.

"எழுதினா தெரியுமா? ரகசியமில்லியா அப்பா!"

"அப்ப இனி என்ன செய்ய?"

இனி என்ன செய்ய. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு உங்களுக்கு யார் என்று விசாரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. விளையாட்டை நடத்துகிறவளே விளையாட்டைக் கெடுக்க வேண்டியதாகிவிட்டது. எல்லோரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். அக்காவுக்கு என் அப்பா. எனக்குப் பெரியம்மா. மீதம் இருந்தது அக்காவின் பெயரும் என் பெயரும். அதில் ஒன்று அப்பாவுக்கு, மற்றது பெரியப்பாவுக்கு. பெரியப்பாவைக் கேட்டால் தெரிந்துவிடும்.

பெரியப்பாவுக்கு உதியன்குளங்கரையில் தையல் கடை. பள்ளி விட்டு வரும்போது அங்கே இறங்கிப் போனேன். மெஷினில் மஞ்சள் துணி ஒன்று கிடந்தது. ஓரத்தில் வெள்ளை லேஸ் பாதி தைத்திருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த கைலியை இழுத்து அதன்மேல் போட்டார்.

"பெரியப்பா, உங்களுக்குக் கிட்டின சீட்டு ஆருக்கதாக்கும்?"

"ரகசியத்த ஆராவது சொல்லுவாங்களா?" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஏழு பேரில் ஒரே ஒரு நேர்மையான மனிதர். ஆனாலும் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்க அப்பாவ அக்காவுக்கு வாங்கச் சொல்லு" என்றார்.

அப்படியானால் பெரியப்பாவுக்கு நான். அந்த மஞ்சள் துணி எனக்கு. தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பினேன். படி இறங்கும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மக்கா, ஒண்ணர வயசுப் பிள்ள எத்தற உயரம் இருக்கும்?"

யாரோ வாடிக்கைக்காரர் அளவு சொல்லாமல் துணி கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். என் வகுப்புத் தோழி வீட்டில் அந்த வயதில் ஒன்று உண்டு. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்து, இவ்வளவு என்று காட்டினேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து தரையிலிருந்து என் கைவரை அளந்து பார்த்தார். இரண்டு தடவை அளந்தார். எனக்குப் பஸ் போய்விடுமே என்று எரிச்சலாக இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் முன்னறையில் மேஜையைச் சுற்றி எல்லோரும் கூடினோம். பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பெரியப்பா தாமே தேர்ந்தெடுத்த வேட்டியைக் கண்டு ஆச்சரியப்பட்டார். அம்மாவுக்கு அண்ணன் கொடுத்தது குக்கர் மூடியில் போடும் ரப்பர் வளையம். பழையது காற்று விடுகிறது என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, இதுவரை தனக்கு யாரும் இவ்வளவு உபயோகமான பரிசு தந்ததில்லை என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

ஆறு பேருக்கும் ஆயிற்று. மேஜை காலியாக இருந்தது. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு?" என்றேன்.

"பிறவு தாறேன் மக்கா" என்றார், திரும்பாமல்.

பிறகாம். இரண்டு வாரமாக நாயாக அலைந்து இந்த விளையாட்டை நடத்தியவளுக்குப் பிறகாம். பெரியம்மா, "சும்மா இரி பிள்ளே, சோறு உண்ணலாம்" என்றாள். எனக்குச் சோறு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

அத்தை இறங்கினாள். நான்கு வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. ஆட்டோவுக்குள் மாமா இறங்காமல் இருந்தார். அத்தை கேட்டைத் தள்ளவில்லை. வெளியிலேயே நின்றுகொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பேசினாள்.

"நேற்று இங்க மீன் விக்க வருத மீன்காரி அக்கா ஒரு பொதி கொண்டு தந்தா. ஆரு தந்ததுன்னு கேட்டா மிண்டல்ல. உள்ளே ஒரு துண்டில கிறிஸ்மஸ் ஃப்ரெண்டுன்னு எழுதியிருந்துது. ஆராக்கும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

குழந்தை மஞ்சள் கவுன் போட்டிருந்தது. ஓரத்தில் வெள்ளை லேஸ். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தையலைப் பார்த்த எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. அத்தைக்குப் பொதியைப் பிரித்தபோதே தெரிந்திருக்கும். சிறு வயதிலிருந்து அவள் போட்ட உடுப்பெல்லாம் அந்தக் கை தைத்ததுதான். இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் யாராவது ஓடிப்போய்க் கேட்டைத் திறந்திருப்பார்கள். அத்தை உள்ளே வந்திருப்பாள், எவரும் எதையும் வாய்விட்டுச் சொல்லாமலே சாப்பாடு முடிந்திருக்கும். எங்கள் வீட்டு வழக்கம் அது.

நான் முற்றத்துக்கு ஓடினேன்.

"அத்தே, உங்களுக்க பேரு சீட்டிலேயே இல்ல! அம்மா அடுப்பில போட்டாச்சு! இது எனக்க துணியாக்கும்! நான் கடையில கண்டேன்! எனக்குத் தரவேண்டியத ஆரோ மாத்திக் குடுத்திருக்கு!"

அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. இரண்டு வாரத்து வெப்ராளம் மொத்தமும் வெளியே வந்துகொண்டிருந்தது. சீட்டு மாற்றக் கேட்டவர்களை, அளவு கேட்டவர்களை, சட்டையைத் துவைத்தவர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஒழுங்கானவர் என்று நான் நம்பிய ஒரே ஆளும் ஏமாற்றிவிட்டதைக் கடைசியாகச் சொன்னேன். அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு ஆட்டோவின் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

அப்போது பெரியப்பா படி இறங்கி வந்தார். செருப்புப் போட மறந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, என் தலைமேல் கை வைத்தார்.

"பிள்ள சொல்லுதது ஒள்ளதாக்கும்" என்றார். "எல்லாத்தையும் கெடுத்தது நான்தான். வேற ஆருக்கும் இதில பங்கில்ல. தெற்று முழுக்க எனக்கதாக்கும். என்ன மன்னிச்சிரு மக்கா."

பெரியப்பா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சர்ச்சில் பாவ அறிக்கை படிக்கும்போதுகூட அவர் குரல் அதிகாரமாகத்தான் இருக்கும். ஒரு கிறிஸ்மஸ் பரிசுக்கு இவ்வளவு வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

"இனி இப்படிச் செய்யப்பிடாது" என்றேன்.

"செய்ய மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அத்தை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா கேட்டைத் திறந்தார். குழந்தையின் தொளதொளத்த தோளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் பிடிக்கணும்" என்றார். பிறகு ஆட்டோவைப் பார்த்தார். "அவர என்னத்துக்கு வெளியில இருத்தியிருக்கு? உண்ண வரச் சொல்லு."

அம்மா அழுதாள், அக்கா அழுதாள், ரப்பர் தோட்டத்தில் நின்று பேசிய அப்பா எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். பரிசு கிடைக்காதவள் நான். இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மன்னிப்புக் கேட்கிறவர் என்னைப் பார்த்துக் கேட்காமல், அத்தையின் காலையே பார்த்துக்கொண்டு கேட்டது மரியாதையாகவும் படவில்லை. போகட்டும், பெரியவர், தப்பை ஒத்துக்கொண்டுவிட்டார், பசியும் எடுக்கிறது. கேட்கப்பட்ட மன்னிப்புக்கு யாரும் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து, நானே பெரிய மனதோடு சொன்னேன்:

"சரி பெரியப்பா, மன்னிச்சாச்சு."