முதலாளி சேருக்கு வைத்த பொட்டு

புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லாரி ஆபீஸின் மொட்டை மாடியில், ரோலிங் சேர்களுக்கு ஒரு பகல் முழுக்க நான் காவல் இருந்திருக்கிறேன். என்னை நம்பி யாரும் ஒப்படைத்த பெரிய பதவி இன்றுவரை அது ஒன்றுதான்.

அப்போது நான்காம் வகுப்பு. ஆயுத பூஜை விடுமுறைக்கு வெண்ணந்தூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். தறி ஓட்டியது போதும் என்று அத்தை ஒரு மெஷினை வாங்கி, ஆபீஸ்களில் துணி போட்ட சோபா, சேர்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கியிருந்தார். அந்த லாரி ஆபீஸ்தான் முதல் வேலை. முந்தின நாளே வெளிர் நிறச் சேர்களை நுரை போட்டுத் தேய்த்து, அழுக்கை மெஷினால் உறிஞ்சி, ஃபேனில் காய வைத்திருந்தார். பூஜையன்று சாயங்காலம் முதலாளி வந்து பார்ப்பார். பிடித்தால் அவருடைய மற்ற ஆபீஸ் வேலையும் அத்தைக்கே. பிடிக்காவிட்டால் மறுபடியும் தறிதான்.

காலையில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரப் போனோம். அத்தை பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது, மாமா மெஷினுக்கு மஞ்சள் பொட்டு வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூஜை என்று வந்துவிட்டால் அரிவாள்மனையிலிருந்து டிவி ரிமோட் வரை பொட்டு வைக்கிற கை அது. ஒவ்வொரு சேரின் முதுகிலும் ரூபாய் அகலத்துக்கு ஒன்று வைத்தார். மஞ்சள் கிண்ணத்தைப் பிடித்திருந்தது நான். "முதலாளி சேரை உட்டுட்டீங்களே மாமா" என்று நினைவுபடுத்தியதும் நானே. அதற்கும் வைத்துவிட்டு, குங்குமம் எடுக்க வண்டிக்குப் போனார்.

அத்தை வந்து பார்த்தார். மாமா குங்குமப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, சேருக்கெல்லாம் அம்மை போட்டிருக்குதுங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா வெறுஞ்சேரா இருக்குதேன்னுதான்…" என்றார் மாமா.

பதறிப்போய் அத்தை முதலாளி சேரின் பொட்டு நடுவில் விரலால் சோப்பு நுரையை வைத்தார். வைத்த இடம் ரத்தமாகச் சிவந்தது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த நிமிஷம் மறந்துவிட்டது. நுரையை விட்டுவிட்டு, மஞ்சளை வெளுக்க இனி வெயில்தான் கதி என்றார். மாமா ஒவ்வொரு சேராகத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றினார். குங்குமப் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருந்தது.

"எது எப்படிப் போனாலும் போவுது சாமி, முதலாளி சேரைய உட்டு மட்டும் நகுந்தறாத" என்று என்னை அங்கே நிறுத்திவிட்டு, அத்தை கீழே கூட்டித் துடைக்கப் போனார்.

நான் நகரவில்லை. அதிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். நன்றாகச் சாய்ந்துகொள்ளலாம், சுற்றலாம். மேகம் வந்தால் கீழேயிருந்து அத்தை மேகத்தைத் திட்டுவது கேட்கும். அப்படியே தூங்கியும்விட்டேன்.

சாயங்காலம் அத்தை வந்து பார்த்தபோது மற்ற சேர்களில் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. நான் எழுந்தேன். என் தலை சாய்ந்திருந்த இடத்தில், காலையில் வைத்தது அப்படியே இருந்தது.

"காவல் இருக்கச் சொன்னா நெழல் குடுத்திருக்கறயே சாமி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

கீழே கார் வந்து நின்றது.

அவசரமாகச் சேர்களை இறக்கி வைத்தோம். முதலாளி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். தன் சேரை மறைத்து நின்ற அத்தையை நகரச் சொன்னார். பொட்டைக் குனிந்து பார்த்தார். சுற்றிலும் மஞ்சள், நடுவில் சிவப்பு.

"யாருங்க வெச்சது?"

மாமா தரையைப் பார்த்தார்.

"நாந்தானுங்க" என்றார் அத்தை.

"நல்லாத்தான் வெச்சிருக்கறீங்க. ஆனா என்ற சேருக்கு மட்டும் வெச்சா ஆச்சுங்களா? மத்தவங்களும் இதுல உக்காந்துதானுங்க வேலை பாக்கறாங்க."

பூஜைத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு சேருக்கும் தன் கையாலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்தார், மாமாவுடையதைவிடப் பெரிதாக. பூஜை முடிந்ததும் ராசிபுரம் ஆபீஸ் சேர்களையும் கழுவ வரச் சொன்னார். "சோப்புப் போட்டா இது போவாதுங்க" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா ஒரு கை பொரியை அதில் திணித்தார்.

அத்தை மாடிப்படியில் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. பகல் முழுக்கப் பாடுபட்டுப் போக்கிய பொட்டையெல்லாம் ஒரு மனிதர் நொடியில் திரும்ப வைத்துவிட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பாவம், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.